விதை போன வழியைக் கேட்ட கம்ப்யூட்டர்

போன மாதம் எங்கள் பழைய ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டு ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். "மேடம், இனிமே வினவல் மொழியெல்லாம் யாரும் எழுத வேண்டாம். சும்மா தமிழ்ல கேளுங்க, அதுவே எழுதிக்கும்" என்றாள் நிவேதா. இப்போது அங்கே வேலை பார்ப்பவர்களில் அவள்தான் துடுக்கு. கேட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் எழுதிவிட்டது. அது எழுதியதன் நடுவே ஒரு சொல்லைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தே நின்றுவிட்டேன். ஓய்வு பெற்றவளுக்கு என்ன ஆயிற்றோ என்று ஒரு பிள்ளை தண்ணீர் எடுக்க ஓடியது.

தண்ணீர் எதற்கு? எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அவ்வளவுதான். ஒரு கேள்வி தனக்குக் கிடைத்த பதிலையே பிடித்துக்கொண்டு மறுபடி தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வைக்கும் சொல் அது. இன்று பெரிய டேட்டாபேஸ் எதை எடுத்தாலும் அநேகமாக அந்த வசதி இருக்கிறது. நாங்கள் தொடங்கியபோது எங்கள் கையில் இருந்த எதிலும் அது இல்லை. பல தேசங்களில் பல பேர் அதற்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒருத்தி.

"முதல்ல இது எதுக்கு மேடம் தேவைப்பட்டுச்சு? பேங்குக்கா, ரயில்வேக்கா?" என்று கேட்டாள் நிவேதா.

"கொல்லிமலையில சாமை விதைக்கறதுக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சேந்தமங்கலம் பக்கம், மலையடிவாரம். காலையில் வாசலுக்கு வந்தால் எதிரில் கொல்லிமலை நிற்கும். ஆனால் மலைமேல் ஏறியது கோயிலுக்கு இரண்டொரு தடவைதான். சேலத்தில் கணக்குப் படித்தேன், கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர், பிறகு பெங்களூரில் ஆய்வு. சேர்த்து வைத்த தகவலிடம் கேள்வி கேட்பதற்கு ஒரு மொழி உண்டு, அதை எப்படிச் செய்வது என்பதுதான் ஆய்வு. "கேள்வி கேக்கறதுக்கா கண்ணு சம்பளம் குடுக்கறாங்க? உங்கம்மா என்னைச் சும்மாவே கேக்கறாளே" என்பார் அப்பா.

தொண்ணூற்றேழில் அந்த மலைமேல் செம்மேட்டில் ஒரு விதை ஆய்வுத் திட்டத்துக்கு ஆள் எடுத்தார்கள். மலைப் பயிர்களின் விவரத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பெங்களூரில் எல்லோரும் என்னைப் பைத்தியம் என்றார்கள். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் பாதி வழி வாந்தி எடுத்துக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்தேன்.

அங்கே தலைமை சம்பந்தம் சார். அரைக்கைச் சட்டை, பையில் எப்போதும் கிராம்பு. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது கம்ப்யூட்டரிடம் ஒரு கேள்வி எழுதப் போனால் விசைப்பலகையை எடுத்துத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். "வாயில சொல்லுங்க அம்மிணி. உங்கூட்டு அம்மாவுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்பார். என்ன வேண்டும், எந்த நிபந்தனையில் வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று மூன்றையும் சொல்லி முடித்தால்தான் விசைப்பலகை கைக்கு வரும். இடையில் "அதாவது சார்" என்று வந்துவிட்டால் கிராம்பை வாயில் போட்டுக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்ப்பார். முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெங்களூரில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய எனக்கு முதல் வாரம் முழுக்க விசைப்பலகை கிடைக்கவேயில்லை. என்னோடு வேலை பார்த்த முரளி சென்னைக்காரன். இருக்கிற கோபத்தையெல்லாம் டீக்கடை பெஞ்சில் கொட்டித் தீர்ப்பான்.

அவருடைய இரண்டாவது விதி இதைவிடக் கடினம். ஏற்றிய வரி தப்பு என்று தோன்றினால் அழிக்கலாம், ஆனால் அந்த விவரத்தைச் சொன்னவரை நேரில் கேட்டுவிட்டுத்தான் அழிக்க வேண்டும். சொன்னவர் எந்த மலைச்சரிவில் இருந்தாலும் சரி, போய்த்தான் ஆக வேண்டும்.

இப்போது விதைக்கு வருகிறேன். அந்த மலையில் விதையை விற்க மாட்டார்கள். கேட்டு வந்தவருக்கு இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள். வள்ளம் என்பது அங்கே தானியம் அளக்கும் படி. ஒரு வள்ளம் வாங்கினால், அறுத்த பிறகு ஒரு வள்ளமும் மேலே ஒரு கையும் திருப்பித் தர வேண்டும். கொடுத்தவர் வீட்டில் விதை அழிந்துபோனால் வாங்கியவரிடம் போய்க் கேட்பார். அவர் தர வேண்டும். எங்கள் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், யாரிடம் வாங்கினீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள், இப்போது இருப்பு உண்டா என்று கேட்டு வந்தார்கள். அதையெல்லாம் நாங்கள் ஏற்றினோம்.

இதில் ஒரு சிக்கல். ஒரே சாமைக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயர். நாடு என்றால் அங்கே மலைக் கிராமங்களின் கூட்டம். திருப்புலி நாட்டில் ஒரு பெயரில் கிளம்பிய விதை வளப்பூர் நாட்டுக்குப் போய்ச் சேரும்போது வேறு பெயரோடு நிற்கும். அதனால் பெயரை வைத்துத் தேடிப் பயனில்லை. விதை போன வழியைத்தான் பிடிக்க வேண்டும். இவர் அவருக்குக் கொடுத்தார், அவர் இன்னொருவருக்கு, அவர் அடுத்தவருக்கு. அன்றைக்கு எங்களிடம் இருந்த வினவல் மொழியில் இரண்டு வீடு தாண்டிக் கேட்கலாம், மூன்று வீடு தாண்டிக் கேட்கலாம். எத்தனை வீடு என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். விதை எத்தனை வீடு தாண்டியது என்று யாருக்குத் தெரியும்? அவரவருக்குத் தெரிந்தது அடுத்த வீடு மட்டும்தான்.

நான் அந்த மொழியின் மேல் ஒரு புதுச் சொல்லைச் சேர்த்தேன். 'தீரும்வரை' என்று பெயர் வைத்தேன். கிடைத்த பதிலை எடுத்து மறுபடி அதே கேள்வியைக் கேள், புதிதாகக் கேட்க ஒன்றும் இல்லாமல் தீரும்வரை கேள். பெங்களூரிலேயே பாதி செய்திருந்தேன். வம்சாவளியை வைத்துச் சோதித்திருந்தேன். மோட்டார் உதிரிபாகங்களை வைத்தும் சோதித்திருந்தேன். இரண்டிலும் குதிரைபோல ஓடியது.

அப்போதுதான் வெள்ளையம்மா வந்தார். திருப்புலி நாட்டுக்காரர். நாற்பது வயதிருக்கும், பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. சரிவான காட்டில் அவர்கள் குடும்பம் தலைமுறையாக ஒரு சாமை போட்டுவந்தது. 'சரிவுச் சாமை' என்பார்கள். வேறு சாமை அந்த மெலிந்த மண்ணில் நிற்காது, சாய்ந்துவிடும். முந்தின வருஷம் கூரை ஒழுகி விதை முழுக்க முளைவிட்டு வீணாகிவிட்டது.

"குடுத்த ஊடு ரெண்டுலயும் போயிக் கேட்டேனுங்க. ரெண்டு பேரும் மரவள்ளிக்கு மாறிட்டாங்க. எங்களுக்கே இல்லீங்கறாங்க" என்றார்.

"ஆடிக்குள்ள விதைக்கோணுமில்லீங்க?" என்று சார் கேட்டார்.

"ஆமாங்க. எங்கூட்டுக்காரரு மரவள்ளிக் குச்சி வெட்டி அடுக்கியே வச்சுட்டாரு. ரெண்டு மழ பாத்துட்டு நட்டுப்போடுவேன்கறாரு. நட்டா அத்தோட சரிங்க. திங்கறதுக்குத் தானியத்த நான் கடையிலதான் வாங்கோணும். காடு இருந்தும் அரிசிக்கு வரிசையில நிக்கறதா? உங்க மிஷினுக்கு எல்லாந் தெரியும்னாங்க. கேட்டுச் சொல்லுங்க."

சார் என்னைப் பார்த்தார். விசைப்பலகை கக்கத்துக்குப் போயிற்று. எழுந்து நின்று சொன்னேன்: வெள்ளையம்மா வீட்டிலிருந்து இந்தச் சாமை போன வீடுகள், அங்கிருந்து போன வீடுகள், இனிப் புது வீடு இல்லை என்று தீரும்வரை. அப்படிக் கிடைத்த வீடுகளில் எதில் இன்னும் விதை இருக்கிறது? ஒரே மூச்சில் சொன்னேன். சார் விசைப்பலகையைக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு நான் கொஞ்சம் மிதந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஓடவிட்டேன். திரையில் வீட்டு எண்கள் வர ஆரம்பித்தன. ஒரு வீடு, அதிலிருந்து இரண்டு, அங்கிருந்து மேலும் மேலும். என் மொழி நிஜமான மலையில் நிஜமான கேள்விக்கு ஓடுகிறது! நான் கை தட்டினேன். வெள்ளையம்மாவும் தட்டினார். டீ வந்தது. குடித்து முடித்தோம். எண்கள் நிற்கவில்லை. முரளி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், "இந்த நம்பர் முன்னாடியே வந்துச்சே" என்றான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே எண். பிறகு வெள்ளையம்மா வீட்டு எண்ணே வந்தது. மின்சாரம் போயிற்று. பேட்டரி கத்திக் கத்திக் கடைசியில் அதுவும் அணைந்தது. விதை இருக்கும் வீடு எது என்ற பாதிக்குக் கம்ப்யூட்டர் வரவேயில்லை. முதல் பாதி முடிந்தால்தானே இரண்டாம் பாதி!

வெள்ளையம்மா மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். அடிவானம் கறுத்திருந்தது.

மறுநாள் முரளி காரணத்தைக் கண்டுபிடித்தான். விதை வட்டமடிக்கிறது. வெள்ளையம்மா கொடுத்தது பல வீடு தாண்டி வெள்ளையம்மா வீட்டுக்கே திரும்பி வருகிறது. "இது எப்படி முடியும்? யாரோ தப்பா எழுதியிருக்காங்க" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. வம்சாவளியில் பேரன் தன் பாட்டனுக்கே பாட்டனாக முடியாதே. முரளி ஒரு நகல் எடுத்து, வட்டத்தில் வருகிற வரிகளை எல்லாம் நீக்கிவிட்டு ஓடவிட்டான். கேள்வி சமர்த்தாக நின்றது. பதில்: எந்த வீட்டிலும் விதை இல்லை.

"மலையிலேயே இல்லை சார். அந்தம்மாகிட்டச் சொல்லிடலாம்" என்றான்.

சார் கிராம்பை மென்றுகொண்டே கேட்டார்: "எடுத்த வரியெல்லாம் தப்புன்னு அதச் சொன்னவங்க சொன்னாங்களாங்க?"

முரளி என்னைப் பார்த்தான். நான் குடையைத் தேடினேன்.

திருப்புலி நாட்டுக்கு பஸ்ஸில் போய், இறங்கி நடந்தோம். வெள்ளையம்மா வீட்டுச் சுவரோரம் மரவள்ளிக் குச்சிகள் கட்டுக்கட்டாக நின்றன. முரளி வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தான். அவர் ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க" என்றார். கடைசி வரிக்கு வந்ததும் நான் கேட்டேன்: "இது மட்டும் தப்பாங்க? நீங்க குடுத்த விதை உங்க ஊட்டுக்கே வந்த மாதிரி இருக்குதுங்களே."

"எங்க மாமியா காலத்துல ஒருக்கா வெத அழிஞ்சுபோச்சுங்க. கீழ்க்காட்டுல ஒரு ஊட்டுல வாங்கியாந்தாங்க. அவிங்களுக்கு எங்கிருந்து வந்துச்சோ, அது எனக்குத் தெரியாதுங்க" என்றார். பிறகு கொஞ்சம் கோபமாகவே, "ஏனுங்க, குடுத்தது திரும்பி வந்தா அது தப்புங்களா?" என்றார்.

வட்டம் நிஜம்! புத்தகங்களில் வட்டத்தைக் கண்டால் தவிர் என்றுதான் படித்திருந்தேன். இங்கே ஒரு மலையே வட்டமாக விதையைச் சுற்றவிட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு வீட்டில் அழிந்தால் இன்னொரு வீட்டில் இருந்து வர வேண்டும் என்றுதானே அப்படிச் சுற்றவிடுகிறார்கள்? வட்டத்தை வெட்டினால் எப்படி விதை கிடைக்கும்? இனி அழிக்க வேண்டியது ஒன்றுமில்லை. என் சொல்லைத்தான் வட்டத்தில் சிக்காமல் நடக்கப் பழக்க வேண்டும்.

எப்படி என்றுதான் தெரியவில்லை. திரும்பும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு அம்மாவின் மடியில் ஒரு கைக்குழந்தை என் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டே வந்தது. அதன் சுண்டுவிரலில் ஒரு கறுப்பு மை. "போலியோ சொட்டு ஊத்துனாங்க. மை வச்சுட்டா மறுக்கா ஊத்த மாட்டாங்க" என்றார் அந்த அம்மா.

நான் போட்ட கூச்சலில் கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸையே நிறுத்திவிட்டார். முரளி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் அந்தக் குழந்தையின் விரலைப் பிடித்து முத்தம் கொடுத்தேன்.

கேட்டு முடித்த வீட்டுக்கு மை வை. ஒவ்வொரு சுற்றிலும், மை இல்லாத புது வீடுகளை மட்டும் கேள். மை வைத்த வீடு மறுபடி வந்தால் தள்ளிவிடு. ஒரு சுற்றில் புது வீடு ஒன்றுமே வரவில்லையென்றால், தீர்ந்தது. இவ்வளவுதான் விஷயம். வேலையும் குறைந்தது, ஏனென்றால் பழையவர்களைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. இதே யோசனையை வெளிநாட்டு ஆய்வாளர்கள் வேறு பெயரில் எழுதியிருந்தார்கள் என்று பிற்பாடு படித்தபோது எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. எனக்கு அது பஸ்ஸில் கிடைத்தது.

எழுதித் திருத்த மூன்று நாள் பிடித்தது. அதற்குள் முதல் மழை பெய்துவிட்டது. இரண்டாவது மழைக்கு வானம் கட்டிக்கொண்டு நின்ற காலையில் வெள்ளையம்மா வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்துகொண்டார். சார் முன்னால் மறுபடி எழுந்து நின்றேன். முதல் தடவை சொன்னதையே சொல்லி, கடைசியில் "கேட்ட வீட்டை மறுபடி கேட்காமல்" என்று சேர்த்துக்கொண்டேன்.

ஓடியது. எண்கள் வந்தன, வந்தன, நின்றன. நின்றுவிட்டன! பிறகு திரையில் ஒற்றை வரி. வளப்பூர் நாடு, பாப்பாத்தி வீடு, விதை இருப்பு உண்டு. விதையின் பெயர்: மாமியாச் சாமை.

முரளி நீக்கிய வட்டத்தின் நடுவில் இருந்தது அந்த வீடு. அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நான் அழுதேனா சிரித்தேனா என்று இன்றுவரை தெரியாது. வெள்ளையம்மா மட்டும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "வளப்பூரு பஸ்ஸு எப்பங்க?" என்று கேட்டார்.

நாங்கள் போய் இறங்கியபோது தூறல். பாப்பாத்தி பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தார், கையெல்லாம் எண்ணெய். நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு கை சாமை அள்ளிவந்து முறத்தில் போட்டார். வெள்ளையம்மா குனிந்து பார்த்தார். நாலு மணியை எடுத்துப் பல்லில் கடித்தார். முகத்தை நிமிர்த்தாமலே, "இதேதானுங்க" என்றார்.

"எங்க மாமியா அவிங்க பொறந்த ஊட்டுல இருந்து கொண்டாந்ததுங்க. அதான் மாமியாச் சாம. நடுவுல ஒருக்கா எங்களுக்கும் அழிஞ்சு, மேற்க ஒரு ஊட்டுல வாங்கித்தான் போட்டோம். திருப்புலி நாட்டுப் பக்கத்துல இருந்து வந்த வெதன்னாங்க" என்றார் பாப்பாத்தி.

முரளி கையிலிருந்த தாளைப் பார்த்து, பாப்பாத்தி வீட்டு விதைதான் பிறகு அந்தக் கீழ்க்காட்டு வீட்டுக்குப் போயிருக்கிறது என்றான். "அப்ப அது நாங்க குடுத்ததுங்க. எங்களுக்கு வந்தது உங்குளுது" என்றார் வெள்ளையம்மா.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை முகமறியாதவர்கள். பாப்பாத்தியிடம் இருந்ததும் அந்த வருஷ விதைப்புக்கு அளவாகத்தான் இருந்தது. அவர் வள்ளத்தை எடுத்து ஆளுக்குப் பாதியாக அளந்தார். "மேல இருக்கற காட்ட இந்த வருசம் நான் வெதைக்காமச் சும்மா போட்டுக்கறனுங்க. நீங்க வெதைங்க" என்றார். எண்ணெய்க் கையோடு எங்களுக்குப் பலாச்சுளையும் கொடுத்தார்.

மரவள்ளிக் குச்சிகள் அந்த வருஷம் வேலிக்குப் போயின. கதிர் பிடித்த காட்டை நான் போய்ப் பார்த்தேன். சரிவு முழுக்க நின்றது, ஒன்றும் சாயவில்லை.

அறுவடை முடிந்து ஒருநாள் வெள்ளையம்மா ஒரு தகர டப்பாவோடு அலுவலகத்துக்கு வந்தார். பாப்பாத்தி வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்றாம். இது எங்களுக்காம்.

"எங்களுக்கு எதுக்குங்க? நாங்க வெத குடுக்கலையே" என்றேன்.

"வழி குடுத்தீங்கல்ல. எனக்கு இதும் ஒரு ஊடுதானுங்க. எளுதிக்கோங்க" என்றார்.

முரளி சிரித்தான். சார் சிரிக்கவில்லை. "சொன்னவங்க சொல்லியாச்சு, அப்புறமென்ன? ஏத்துங்க அம்மிணி" என்றார். கொடுத்த வீடு வெள்ளையம்மா. வாங்கிய வீடு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். வெள்ளையம்மாவே சொன்னார்: "கம்ப்யூட்டர் ஊடு, செம்மேடு." அப்படியே ஏற்றினேன். டப்பாவை பீரோவுக்கு மேலே வைத்தோம். வைத்ததோடு நான் அதை மறந்துவிட்டேன்.

அடுத்த விதைப்புக்கு முன்னால் புளியஞ்சோலைப் பக்கத்திலிருந்து ஒருவர் மலையேறி வந்தார். அடிவாரத்தில் சொந்தமாகச் சரளைக் காடு வைத்திருப்பவர். அவர் அப்பா காலத்தில் மலையில் ஒரு வீட்டில் சாமை விதை வாங்கிப் போட்டார்களாம். அந்த வீட்டு அடையாளம் மட்டும் தெரியும், சாமையின் பெயர்கூட நினைவில்லை. மறுபடி கிடைக்குமா என்று கேட்டார்.

நான் கேள்வியைச் சொல்ல எழுந்தேன். சார் கையால் அமர்த்திவிட்டு விசைப்பலகையை என் பக்கம் நகர்த்தினார். என்னை வாயால் சொல்லவைக்காமல் அவர் அதைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. எழுதினேன். வீடுகள் வந்தன, தீர்ந்தன. இருப்பு உள்ளவை என்று மூன்று வரிகள் திரையில் நின்றன. பாப்பாத்தி வீடு, வளப்பூர் நாடு. வெள்ளையம்மா வீடு, திருப்புலி நாடு. மூன்றாவது வரியை முரளி உரக்கப் படித்தான்.

"கம்ப்யூட்டர் ஊடு, செம்மேடு."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பீரோவை அண்ணாந்து பார்த்தோம். நான் நாற்காலி மேல் ஏறி டப்பாவை இறக்கினேன். மூடியைத் திறந்து அளந்து அவர் துண்டில் கொட்டினேன். அடிவாரத்தில் பிறந்து, ஒரு நாள்கூட விதை தூவியறியாத என் கையால் கொட்டினேன்!

அவர் முடிச்சுப் போட்டுக்கொண்டே, "ஏனுங்க, திருப்பி யாருகிட்டங்க குடுக்கோணும்?" என்று கேட்டார்.

"இங்கயே கொண்டாங்க. மேல ஒரு கை சேத்துக் கொண்டாங்க" என்றேன்.